இரு கையும் தூக்கலாமா?

2019ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் நடந்த ஊரக உள்ளாட்சித் தேர்தலில், பனமரத்துப்பட்டி ஒன்றியத்துக் கிராமத்து உழவருக்கு வாக்குச் சாவடியில் நான்கு சீட்டுகள் தரப்பட்டன. ஊராட்சி வார்டு உறுப்பினருக்கு ஒன்று. ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்பு. ஒன்றியக் கவுன்சிலருக்குப் பச்சை. மாவட்டக் கவுன்சிலருக்கு மஞ்சள். அதே பனமரத்துப்பட்டியில், பேரூராட்சி எல்லைக்குள் குடியிருக்கும் தொழிலாளி 2022 பிப்ரவரி 19ஆம் நாள் சாவடிக்குச் சென்றார். அவருக்கு ஒரே வாக்குதான். அவர் வார்டு உறுப்பினரைத் தேர்ந்தெடுத்தார்; பேரூராட்சித் தலைவரை அந்த உறுப்பினர்கள் கூடித் தேர்ந்தெடுத்தார்கள்.

அங்கே நான்கு, இங்கே ஒன்று! எண்ணிக்கை மாறியது. மாறாதது ஒன்று உண்டு. பத்து ஏக்கர் அரளித் தோட்டம் உள்ளவருக்கு இரண்டு இளஞ்சிவப்புச் சீட்டு கிடைக்கவில்லை. பூப்பறிக்கும் கூலிக்காரிக்கு அரைச் சீட்டும் கிடைக்கவில்லை. ஒரு பதவிக்கு ஆளுக்கு ஒன்று. அதற்கு மேலும் இல்லை, கீழும் இல்லை.

இந்த அளவு எதற்காக என்று கேட்போர் இன்று இருக்கிறார்கள். நம் சங்கங்களில், கிளைகளில், கூட்டுறவு அமைப்புகளில், மன்றங்களில் பேச்சு எழுகிறது. "உறுப்பினர் தம் விருப்பத்தைச் சொல்ல ஏன் கட்டுப்பாடு? பிடித்ததற்கு எத்தனை முறை வேண்டுமானாலும் ஆதரவு காட்டட்டும். பிடிக்காததற்கு எத்தனை முறை வேண்டுமானாலும் எதிர்ப்புக் காட்டட்டும். எண்ணிப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும், அளவு வைப்பது அடக்குமுறை" என்கிறார்கள்.

கேட்பதற்கு இனிக்கிறது. உரிமை என்ற சொல் எப்போதுமே இனிக்கும். ஆனால் அந்த உரிமை யார் கைக்குப் போய்ச் சேரும் என்று பார்க்க வேண்டாமா, தோழர்களே?

ஒரு நெசவாளர் சங்கத்தை எண்ணிக்கொள்வோம். உறுப்பினர் நூறு பேர். அவர்களில் தொண்ணூறு பேர் காலையில் தறியில் உட்கார்ந்தால் மாலையில்தான் எழுந்திருப்பவர்கள். மீதிப் பத்துப் பேர் வேலை அதிகம் இல்லாதவர்கள். எந்நேரமும் சங்கத் திண்ணையில் இருப்பவர்கள். அளவில்லை என்று ஆகிவிட்டது. தொண்ணூறு பேரும் வேலை முடிந்து வந்து ஆளுக்கு ஒரு வாக்குப் போடுகிறார்கள்: தொண்ணூறு. பத்துப் பேர் நாள் முழுதும் இருந்து ஆளுக்குப் பத்துப் போடுகிறார்கள்: நூறு. நூறு வென்றது, தொண்ணூறு தோற்றது! கூட்டல் கணக்கில் பிழையில்லை. நியாயத்தில் பிழையில்லையா?

அளவற்ற வாக்கு என்பது ஓய்வுள்ளவனின் வாக்கு. உழைப்பவனிடம் இல்லாத பொருள் ஒன்று உண்டென்றால் அது நேரம்தான். நேரத்தை விலையாகக் கேட்கும் உரிமை, உழைப்பாளிக்கு உரிமையாக இருக்காது. பணத்தை விலையாகக் கேட்டால் பணக்காரன் ஆள்வான். நேரத்தை விலையாகக் கேட்டால் திண்ணைக்காரன் ஆள்வான். தறிக்காரன் இரண்டு இடத்திலும் தோற்பான்!

ஒருவருக்கே பல வாக்கு என்பது புதுச் சரக்கும் அல்ல. உலகம் பார்த்துவிட்டுத் தூக்கி எறிந்த பழைய சரக்கு அது.

நம் சென்னை மாகாணத்தையே எடுத்துக்கொள்வோம். 1937இல் தேர்தல் நடந்த மாகாணச் சட்டசபைக்கு 215 இடங்கள். அவற்றில் நிலக்கிழார்களுக்கென்று 6 இடம். வாணிபத்துக்கும் தொழில் முதலாளிகளுக்கும் 6. பல்கலைக் கழகத்துக்கு 1. தொழிலாளர்க்கு 6. நிலத்தில் உழைத்தவர், ஆலையில் உழைத்தவர், மூட்டை சுமந்தவர் எல்லோரும் எத்தனை இலட்சம் பேர்! ஜமீன்தார்கள் எத்தனை பேர்! இருவருக்கும் தராசில் ஆறு, ஆறு! பொதுத் தொகுதியிலோ, சொத்தும் வரியும் படிப்பும் பார்த்துத்தான் வாக்குரிமை தந்தார்கள். பெரும்பாலான ஏழைகளுக்கு ஒரு வாக்குக் கூட இல்லாத நாளில், சீமான்களுக்குத் தனி வாசலும் திறந்திருந்தது. 1950இல் அரசியல் சட்டம் வந்து, வயது வந்த ஒவ்வொருவருக்கும் வாக்கு என்று சொன்ன பிறகுதான் அந்த வாசல் மூடியது.

மக்களாட்சியின் தாய் என்று மார்தட்டும் பிரிட்டனில் என்ன நிலை? குடியிருக்கும் ஊரில் ஒரு வாக்கு, தொழில் நடத்தும் இடத்தில் இன்னொரு வாக்கு, பட்டதாரியானால் பல்கலைக் கழகத் தொகுதியில் மற்றொரு வாக்கு என்று வசதி படைத்தோர் சேர்த்து வைத்திருந்தார்கள். 1948ஆம் ஆண்டுச் சட்டம்தான் நாடாளுமன்றத் தேர்தலில் அதற்கு முடிவு கட்டியது. வட அயர்லாந்திலோ உள்ளாட்சித் தேர்தலில் கம்பெனிகளுக்கு ஆறு வாக்குகள் வரை இருந்த காலம் உண்டு. வாடகைக் குடித்தனக்காரர் பலருக்கோ ஒன்றும் இல்லை! 1960களின் இறுதியில் அங்கே மக்கள் தெருவுக்கு வந்து முழங்கிய முழக்கம் என்ன? "ஒருவருக்கு ஒரு வாக்கு" என்பதே. வாக்குக்கு அளவு வேண்டும் என்று கேட்டுத்தான் அந்த மக்கள் அடிபட்டார்கள்! அளவு வைப்பது அடக்குமுறை என்பவர்கள் இந்த வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்க்கட்டும்.

உழைப்பாளிகள் தாமே கட்டிய அமைப்பு கூட்டுறவு. 1844இல் இங்கிலாந்தின் ராக்டேல் நகரில் 28 பேர் சேர்ந்து கடை ஒன்று வைத்தார்கள். அவர்கள் நெய்த நெறிகளில் தலையாயது, உறுப்பினர் ஒருவருக்கு ஒரு வாக்கு. கம்பெனியில் ஆயிரம் பங்கு வைத்திருப்பவர் ஆயிரம் வாக்குப் போடுவார். கூட்டுறவில் நூறு பங்கு வைத்திருந்தாலும் வாக்கு ஒன்றுதான். 1904இல் இந்தியாவில் கூட்டுறவுச் சட்டம் வந்தது. அந்த ஆண்டே தமிழகத்தில் திரூரில் கடன் சங்கமும், திருவல்லிக்கேணியில் நகரக் கூட்டுறவுச் சங்கமும் பிறந்தன. சேலத்துத் தறிக்காரனும் பால்காரனும் சங்கக் கூட்டத்தில் பெரிய மனிதருக்குச் சமமாக அமர முடிகிறதென்றால், அந்த ஒற்றை வாக்கின் அளவுதான் காரணம்.

நம் நாட்டிலேயே ஒருவருக்கு இரண்டு வாக்கு கொடுத்துப் பார்த்த காலமும் உண்டு. 1952, 1957 பொதுத் தேர்தல்களில் இரட்டை உறுப்பினர் தொகுதிகள் இருந்தன. பெரும்பாலானவற்றில் ஓரிடம் பொது, ஓரிடம் தாழ்த்தப்பட்டோருக்கு. 1957இல் சென்னை மாநிலச் சட்டமன்றத்துக்கு 167 தொகுதிகள், 205 உறுப்பினர்கள். அதாவது 38 தொகுதிகள் இரட்டை. அங்கே வாக்காளருக்கு இரண்டு வாக்கு. ஆனால் இரண்டையும் ஒரே வேட்பாளருக்குக் கொடுக்கலாகாது என்று 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் தெளிவாக எழுதி வைத்தது. அன்றே அளவு!

அந்த முறையில் பட்ட காயமும் உண்டு. 1952இல் வட பம்பாய் இரட்டைத் தொகுதியில் டாக்டர் அம்பேத்கர் நின்றார். சுமார் பதினாலாயிரத்து ஐந்நூறு வாக்குகளில் தோற்றார். அந்தத் தொகுதியில் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட வாக்குச் சீட்டுகள் செல்லாதவை என்று தள்ளப்பட்டன. இரண்டாவது வாக்கை வீணாக்கும்படி பிரசாரம் நடந்தது என்று அம்பேத்கரும் அசோக் மேத்தாவும் வழக்குத் தொடுத்தார்கள்; வழக்கு தள்ளுபடியாயிற்று. தீர்ப்பைப் பற்றி நாம் வாதாட வரவில்லை. கையில் ஒன்றுக்கு மேல் வாக்கு வந்தவுடன், அதை எப்படிக் குவிப்பது, எப்படி வீணாக்குவது, யாரை விலக்குவது என்ற சூதும் கூடவே வந்துவிடுகிறது என்பதைத்தான் சொல்ல வருகிறோம். 1961இல் சட்டம் இயற்றி இரட்டைத் தொகுதிகளை ஒழித்தார்கள். அதற்குப் பின் ஆளுக்கு ஒன்று.

ஒன்றின் மதிப்பைக் காண வேண்டுமா? 1999 ஏப்ரல் 17ஆம் நாள் மக்களவையில் வாஜ்பாய் அரசின் நம்பிக்கைத் தீர்மானம் வாக்குக்கு வந்தது. ஆதரவு 269, எதிர்ப்பு 270. ஒரே ஒரு வாக்கில் ஓர் அரசு விழுந்தது! உறுப்பினர்கள் விரும்பிய மட்டும் பொத்தானை அழுத்தலாம் என்றிருந்தால் அந்த ஒன்றுக்கு ஏது அந்தக் கனம்? அளவு இருந்ததால் ஒன்று மலையாக நின்றது.

இதுவரை பார்த்தது ஆதரவு, எதிர்ப்பு இரண்டுக்கும் பொருந்தும். எதிர்ப்பு வாக்கைத் தனியேயும் பார்க்க வேண்டும். ஆதரவு மிகுந்து போனால் மாலை மலிவாகும், அவ்வளவுதான். எதிர்ப்பு மிகுந்து போனால் மனிதன் ஒடிவான்.

சங்கக் கூட்டத்தில் முதன்முதலாக எழுந்து பேசும் இளந்தொழிலாளியை நினைத்துப் பாருங்கள். சேகோ ஆலையில் மாவு படிந்த சட்டையோடு வந்தவன். நாக்கு குழறுகிறது. சொல்ல வந்தது கூலி பற்றிய நியாயமான குறை. பேசி முடிக்குமுன் நான்கு பேர், வேண்டாம், வேண்டாம் என்று கையைத் தூக்குகிறார்கள். அடுத்த கூட்டத்திலும் அதே நால்வர், அதே கைகள். மூன்றாவது கூட்டத்துக்கு அவன் வருவானா? வரமாட்டான். சங்கம் இழந்தது ஒரு கருத்தை மட்டுமல்ல. ஓர் ஆளையே இழந்தது. அந்த நால்வரும் நூறு பேரின் தீர்ப்பைச் சொல்லவில்லை. நால்வரின் வெறுப்பை நாற்பது முறை சொன்னார்கள்.

கிரேக்க நாட்டு ஏதென்ஸ் மக்கள் இந்த ஆபத்தை இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே உணர்ந்திருந்தார்கள். அங்கே வாக்குப் போட்டு ஒருவரை நாடு கடத்தும் வழக்கம் இருந்தது. உடைந்த பானை ஓட்டில் பெயரைக் கீறிப் போடுவார்கள். ஆனால் எத்தனை கட்டுப்பாடு! ஆண்டுக்கு ஒருமுறைதான். அதுவும், இந்த ஆண்டு அது தேவையா என்று முதலில் மன்றம் முடிவு செய்ய வேண்டும். ஆளுக்கு ஓர் ஓடு. ஆறாயிரம் ஓடுகள் சேர வேண்டும். வெளியேற்றப்பட்டவர் பத்தாண்டு கழித்துத் திரும்பலாம், சொத்தும் அவருடையதே.

இத்தனை வேலி போட்டும் சூது நுழையப் பார்த்தது. அக்ரோபோலிஸ் குன்றின் சரிவில் இருந்த கிணறு ஒன்றில், தெமிஸ்டாக்ளிஸ் என்ற தலைவரின் பெயர் கீறிய 190 ஓடுகளைத் தொல்லியலார் 1937இல் கண்டெடுத்தார்கள். எழுத்தை ஆராய்ந்தால், எல்லாம் பதினான்கு கைகள் எழுதியவை. முன்கூட்டியே எழுதிக் குவித்து, வருவோர் கையில் திணிக்க வைத்திருந்தவை என்று அறிஞர் கருதுகிறார்கள். ஆளுக்கு ஓர் ஓடு என்ற அளவு இருந்ததால், பதினான்கு பேர் 190 ஓடுகளைத் தாமே போட்டுவிட முடியவில்லை; ஆள் தேட வேண்டியிருந்தது. அளவு இல்லாதிருந்தால் ஆள் தேடும் தொல்லையும் இல்லை!

இன்றைய ஆட்சி மன்றங்களும் எதிர்ப்புக்கு வேலி வைத்தே நடக்கின்றன. நம் மக்களவையில் அமைச்சரவை மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் எடுத்துக்கொள்ளப்பட வேண்டுமானால் 50 உறுப்பினர்கள் எழுந்து ஆதரிக்க வேண்டும். 1963 ஆகஸ்டில் ஆச்சாரிய கிருபளானி நேரு அரசின் மீது கொண்டுவந்ததுதான் முதல் தீர்மானம். ஆதரவு 62, எதிர்ப்பு 347. தோற்றது. ஆனாலும் நாள் கணக்கில் விவாதம் நடந்தது. சீனப் போரைப் பற்றி அரசு பதில் சொல்ல நேர்ந்தது. வாக்குக்குத்தான் அளவு, வாய்க்கு அல்ல!

செர்மனி நாடு இன்னும் ஒருபடி மேலே போயிற்று. இட்லருக்கு முந்திய குடியரசில், ஆட்சியைக் கவிழ்க்க மட்டும் ஒன்றுகூடி, அடுத்து யார் என்று கேட்டால் கலைந்து போகும் கூட்டங்களால் அந்த நாடு சீரழிந்தது. அந்தப் பாடத்தால் 1949ஆம் ஆண்டு அரசியல் சட்டத்தில், பிரதமரை நீக்க வேண்டுமானால் அதே வாக்கெடுப்பில் அடுத்தவரைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும் என்று எழுதிவிட்டார்கள். 1972இல் வில்லி பிராண்ட்டை நீக்க முயன்றார்கள். இரண்டு வாக்குக் குறைந்தது. 1982இல் ஹெல்முட் கோல் அதே வழியில் பதவிக்கு வந்தார். இடிப்பவன் கையில் செங்கல்லும் இருக்க வேண்டும் என்பது அங்கே விதி.

பிரிட்டனின் கன்சர்வேட்டிவ் கட்சியில் 2018 டிசம்பரில் தெரசா மே மீது வாக்கெடுப்பு நடந்தது. 200க்கு 117 என்று அவர் பிழைத்தார். ஒருமுறை பிழைத்தால் ஓராண்டுக்கு மறுமுறை வாக்கெடுப்பு இல்லை என்பது அன்றைய விதி. அதனால் அவர் அசையாமல் இருந்தாரா? இல்லை. பேச்சும் விமர்சனமும் ஓயவில்லை. 2019 மே மாதமே விலகுவதாக அறிவித்தார். வாக்குக்கு வேலி போட்டால் தலைவர் சர்வாதிகாரி ஆகிவிடுவார் என்று அஞ்சுவோருக்கு இது விடை.

ஆனாலும் அந்த அச்சத்தை நாம் தள்ளிவிட மாட்டோம். அளவு என்ற பெயரில் எதிர்ப்பைச் செல்லாக்காசு ஆக்குவதும் அநியாயமே.

நோட்டாவைப் பாருங்கள். 2013 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. வாக்கு இயந்திரத்தில் "மேற்கண்ட எவரும் இல்லை" என்ற பொத்தான் வந்தது. 2014 மக்களவைத் தேர்தலில் நம் நீலகிரித் தொகுதியில் 46,559 பேர் அதை அழுத்தினார்கள். 2024இல் மத்தியப் பிரதேசத்து இந்தூரில் அழுத்தியவர்கள் 2,18,674 பேர். பயன்? முடிவில் ஓர் அணுவும் அசையவில்லை. நோட்டா முதலிடம் பெற்றாலும், அடுத்து வந்த வேட்பாளர் வென்றவர் ஆவார் என்பதே மக்களவை, சட்டமன்றத் தேர்தல்களில் உள்ள நிலை. மகாராட்டிரத் தேர்தல் ஆணையமும் அரியானா தேர்தல் ஆணையமும் 2018இல் உள்ளாட்சித் தேர்தல்களுக்கு வேறு வழி கண்டன. நோட்டா முதலிடம் பெற்றால் மறு தேர்தல் என்றன. எதிர்ப்புக்கு எண்ணிக்கையில் அளவு இருக்கலாம். விளைவே இல்லாமல் செய்யக் கூடாது. ஒரு முறைதான் அடிக்கலாம் என்று சொல்லுங்கள், ஏற்கிறோம். அடித்தாலும் மணி ஒலிக்காது என்றால், அது மணியா?

எனவே நம் சங்கங்களுக்கும் கிளைகளுக்கும் நாம் சொல்ல விரும்புவது இது.

ஆதரவோ எதிர்ப்போ, ஒரு பொருளுக்கு ஆளுக்கு ஒரு வாக்கு. மூத்தவர், முன்னோடி, நன்கொடை தந்தவர், நாள்தோறும் வருபவர் என்று எவருக்கும் இரண்டாவது கிடையாது. நேற்றுச் சேர்ந்தவருக்கும் அதே ஒன்று. நாளெல்லாம் வேலை செய்துவிட்டு இரவில் வரும் தோழர் போடும்வரை பெட்டி மூடப்படக் கூடாது.

பொறுப்பாளரை நீக்கும் தீர்மானமானால், குறிப்பிட்ட தொகை உறுப்பினர்கள் கையெழுத்திட்டுக் காரணம் எழுதட்டும். அவர் இடத்துக்கு யார் என்றும் சொல்லட்டும். வாக்கெடுப்பு மறைவாக நடக்கட்டும். தோற்றால், மீண்டும் கொண்டுவர இடைவெளி இருக்கட்டும். வென்றால், அன்றே அது நிறைவேறட்டும்.

பேச்சுக்கு அளவு வேண்டாம். ஒரு வாக்கு உள்ளவர் ஓராயிரம் கேள்வி கேட்கலாம். இங்கே சிலர் குறுக்கே வருவார்கள். "பேச்சுக்கு மட்டும் நேரம் வேண்டாமா? அங்கும் திண்ணைக்காரன்தானே வெல்வான்?" என்பார்கள். நல்ல கேள்வி. பேச்சை எண்ணிப் பார்த்து முடிவு செய்வதில்லை. எடை போட்டுத்தான் முடிவு செய்கிறோம். நூறு முறை சொன்ன பொய்யை ஒரு முறை சொன்ன கணக்கு வீழ்த்தும். வாக்கை எடை போட முடியாது, எண்ணத்தான் முடியும். எண்ணப்படுவதற்கு அளவு வேண்டும்.

பொறுப்பாளர்களுக்கும் ஒரு சொல். இந்த வேலி உங்களைக் காக்கும் கோட்டை என்று எண்ணி உறங்கிவிடாதீர்கள். முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. அந்தக் குடவோலை முறை எல்லா மக்களுக்கும் உரியதாக இருக்கவில்லை. நிலமும் மனையும் கல்வியும் உடைய பார்ப்பனச் சபையாருக்கே இடம். வாக்கும் அல்ல, குடத்தில் இட்டுச் சீட்டெடுப்புத்தான். அந்தப் பெருமையை அளவோடு பேசுவோம். ஆனால் அங்கே பொறித்த ஒரு விதி நமக்கும் ஆகும். வாரியப் பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமல்ல, அவருடைய உறவினரும் மறுபடி குடத்தில் பெயர் இடத் தகுதியற்றவர்! கணக்கைத் திறந்து வைப்பவர் எதிர்ப்பு வாக்குக்கு அஞ்ச வேண்டியதில்லை. கணக்கை மூடி வைப்பவரை எந்த வேலியும் காக்க வேண்டியதில்லை.

2006 தேர்தல் வரை பனமரத்துப்பட்டி ஒரு சட்டமன்றத் தொகுதியின் பெயராக இருந்தது. 2008ஆம் ஆண்டுத் தொகுதி மறுசீரமைப்பில் அந்தப் பெயர் மறைந்தது. தொகுதியின் பெயர் போகலாம், எல்லை மாறலாம், சீட்டின் நிறம் மாறலாம். அங்கே பூப்பறிக்கும் அம்மாவின் ஒரு வாக்கும் தோட்டக்காரரின் ஒரு வாக்கும் ஒரே பெட்டியில் ஒரே கனத்தோடு விழுகின்றன என்பது மட்டும் மாறக் கூடாது. நாட்டுத் தேர்தலில் போராடிப் பெற்ற இந்தச் சமத்துவத்தை, நம் வீட்டுச் சங்கத்தில் நாமே கைநழுவ விடலாமா?

அடுத்த பொதுக்குழுவில் விதிகள் திருத்தப்படும்போது இதை முன்மொழியுங்கள், தோழர்களே. அங்கே யாரேனும் இரு கையும் தூக்கினால், ஒன்றை இறக்கச் சொல்லுங்கள். கைதூக்கத் தயங்கி மூலையில் நிற்கும் தோழர் இருந்தால், அவர் கை உயரும்வரை காத்திருங்கள். பிறகு எண்ணுங்கள்.